மானியத்தில் வெட்டிய ஊரணி

1

தம்பி முனியசாமி எங்களோடு கோடை முழுக்க இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி இன்றோடு ஒரு மாதம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் போன் செய்கிறான். புரட்டாசி பிறந்ததும் புழுதியில் நெல்லை விதைத்துவிட்டான். "இன்னும் ஒரு தூத்தல் இல்லக்கா" என்கிறான். எங்கள் வீட்டு முன்னால் அவனும் நானும் சேர்ந்து செய்த அந்தக் குழியைப் பற்றி அவன் கேட்பதில்லை. நானாகச் சொல்லவும் வாய் வரவில்லை.

அவன் போனபின் நான் அந்தக் குழியில் மறுபடி செடி நட்டு, ஆள் வந்து பார்த்துப் போய், நேற்று மாநகராட்சியிலிருந்து அதற்கான மானியம் கிடைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. கூடவே வாசலில் நட்டுவைக்க ஒரு சின்னப் பலகையும் வந்தது. இந்த வீட்டில் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. என் வீட்டுக்காரர் அதைப் புல்தரையில் அடித்து, தள்ளி நின்று படம் எடுத்தார். ஊரில் எல்லோருக்கும் அனுப்பட்டுமா என்றார். அனுப்பினால் நான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்றேன். அவருக்கு என் கோபம் புரியவில்லை. லாரி ஓட்டிக்கொண்டு அமெரிக்க எல்லையைத் தாண்டிப் போய்ப் போய் வருகிற மனிதர். நடந்ததில் பாதிதான் அவருக்குத் தெரியும். உங்களுக்காவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

2

கனடாவில் நாங்கள் இருக்கும் ஊரில் எல்லா வீட்டுக்கும் அடியில் ஒரு பேஸ்மென்ட் உண்டு. பாதி மண்ணுக்குள், பாதி வெளியில் இருக்கிற அறை. தரை மட்டத்தில் முழ உயரத்துக்கு ஒரு சன்னல், அவ்வளவுதான் வெளிச்சம். மற்றவர்கள் அதில் பழைய சாமான்களைப் போட்டு வைப்பார்கள், அல்லது வாடகைக்கு விடுவார்கள். நான் அதில் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்யாண பிளவுஸ், ஆரி வேலை, புடவைக்கு ஓரம் அடிப்பது எல்லாம் அங்கேதான். ராமநாதபுரத்தில் பழகிய தொழில். இங்கே வந்து தொழிற்சாலையில் நின்று முதுகு போனபின், இதுதான் என் பிழைப்பு. இந்த வீட்டில் நான் தலை நிமிர்ந்து உட்காரும் இடமும் அதுதான்.

போன கோடையில் ஒரே ஒரு மழை. நம் ஊரில் அதை நல்ல மழை என்று சொல்லியிருப்போம். கூரைத் தண்ணீரெல்லாம் ஒரு குழாய் வழியாகச் சுவரோரம் கொட்டி, சன்னலுக்குள் புகுந்து, காலையில் நான் கீழே இறங்கியபோது கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. யாரோ ஒரு வீட்டுப் பெண்ணின் முகூர்த்தப் பட்டு மிதந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் தாய் என்னைத் திட்டவில்லை. சோபாவில் உட்கார்ந்து அழுதாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் ஒரு முறை பணம் கொடுத்தார்கள். இனிமேல் இந்த பேஸ்மென்ட்டில் தண்ணீர் வந்தால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று அதோடு கைகழுவிவிட்டார்கள். இன்னொரு முறை தண்ணீர் வந்தால் கடை போய்விடும். அன்றிலிருந்து வானம் கறுத்தால் கீழே ஓடிப்போய்ச் சன்னலைப் பார்ப்பேன்.

மானியத்தைப் பற்றிக் கண்டுபிடித்தவள் என் மகள் தர்ஷினி. பதினொன்றாம் வகுப்பு. கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, மழைத்தண்ணியை எங்கட வளவுக்குள்ளயே பிடிச்சு வைக்கிறதுக்கு சிட்டி காசு தருது" என்றாள். வளவு என்றால் வீட்டைச் சுற்றியுள்ள இடம்; அவள் ஏன் அப்படிப் பேசுகிறாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். வீட்டு முன்னால் ஆழமில்லாத ஒரு குழி வெட்டி, கூரைத் தண்ணீரை அதற்குள் திருப்பி, வேர் ஆழமாகப் போகிற செடிகளை நட வேண்டும். செய்து முடித்ததை ஆள் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால், செலவில் பெரும்பகுதியைத் திருப்பித் தருவார்கள். மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும், அதற்குக் காசு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? அவள் அதற்குப் பின்னும் ஏதேதோ வாசித்தாள். நான் சன்னலை அளந்துகொண்டிருந்தேன்.

ஊரில் விதை நெல் மானியத்துக்கு எங்களைப் பெற்ற அய்யா சிட்டா, அடங்கல், வி.ஏ.ஓ. கையெழுத்து என்று செருப்புத் தேய நடந்ததைப் பார்த்தவள் நான். இங்கே யாரும் நடக்க வேண்டியதில்லை. ஆனால் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பு, சின்னக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார், கூரை எவ்வளவு அகலம், பக்கத்து வீட்டு வேலி எவ்வளவு தூரம் என்று உயிரை எடுத்துவிட்டார்கள். வி.ஏ.ஓ.விடமாவது நம் கஷ்டத்தைச் சொல்லி அழலாம். கம்ப்யூட்டரிடம் யார் அழுவது?

3

அனுமதி வந்த சமயத்தில்தான் முனியசாமியும் வந்தான். எனக்கு இளையவன், ஒரே தம்பி. தேவிபட்டினத்துக்கு மேற்கே, கடல் காற்று உப்புக் கரிக்கும் தூரத்தில் எங்கள் ஊர். அங்கே எங்களுக்கு மானாவாரி நிலம். நெல், மிளகாய். போன வருஷம் மழை ஏமாற்றி, விதை நெல்கூடத் திரும்பவில்லை. கொஞ்ச நாள் வந்து இருந்துவிட்டுப் போடா என்று விசா எடுத்துக் கூப்பிட்டேன்.

வந்த முதல் வாரம் எல்லாவற்றையும் ஆச்சரியமாகப் பார்த்தான். இரண்டாவது வாரம் டிவி பார்த்தான். மூன்றாவது வாரம், "சும்மா உக்காந்து சோத்தத் திங்கிறதுக்கு வெக்கமா இருக்குக்கா" என்றான். கார் ஓட்டத் தெரியாது, கடைக்குப் போனால் பேசத் தெரியாது. நான் கீழே மிஷினில் உட்கார்ந்தால் படிக்கட்டில் வந்து உட்கார்ந்து, நூலறுக்கிற வேலை இருந்தால் கொடு என்பான். ஊரில் நாலு பேருக்கு வேலை சொல்லுகிறவன்.

அவனுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு தர்ஷினியின் தமிழ். அவள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறவள். அங்கே ஆசிரியரும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். என்னிடம் கற்றுக்கொள்ளாத தமிழை அவர்களிடம் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். ‘ஓம் மாமா’ என்பாள், ‘விளங்கேல்லை மாமா’ என்பாள். முனியசாமி விழுந்து விழுந்து சிரித்தான். "என்னக்கா இது, மண்டபம் கேம்ப்ல புள்ளைக பேசுற மாதிரியே பேசுது. நம்ம புள்ளயத்தான் வளக்குறியா?" எங்கள் பக்கத்து இலங்கை அகதி முகாமைச் சொல்கிறான். விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்கு எங்கேயோ குத்தியது. வீட்டில் ஆங்கிலம், வகுப்பில் அந்தத் தமிழ். என் வாயிலிருந்து அவள் எதை எடுத்தாள் என்று தேடினால் ஒன்றும் தேறாது. ஆனால் மாமனும் மருமகளும் அந்தத் தமிழில்தான் ஒட்டிக்கொண்டார்கள். என்னைவிட அவனிடம்தான் அவள் அதிகம் பேசினாள்.

மண்ணுக்கு அடியில் போகிற கேஸ் குழாய், மின்சார ஒயர் எல்லாவற்றையும் அடையாளம் காட்ட ஒருவன் வந்து, புல்லின்மேல் மஞ்சளும் சிவப்புமாகச் சாயக்கோடு அடித்துவிட்டுப் போனான். "மார்கழிக்கு முன்னாடியே கோலம் போட்டுட்டுப் போறான்க்கா" என்றான் தம்பி. அன்றுதான் அவன் முகத்தில் களை வந்தது.

4

எங்கள் ஊர் ஊரணியைப் பற்றிச் சொல்லாமல் நடந்தது விளங்காது.

கடலோரத்து ஊர். எங்கே கிணறு வெட்டினாலும் உப்பு. வாயில் வைக்க முடியாது, துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. குடிப்பதற்கு என்று இருந்தது ஊரணி ஒன்றுதான். ஐப்பசி கார்த்திகையில் பெய்வது அதில் நிறைந்து, ஆடி வரைக்கும் நிற்க வேண்டும். அப்படி நிற்பது அடியில் இருக்கிற களிமண்ணால். ஒரு முழமோ இரண்டு முழமோ களிமண். அதற்குக் கீழே மணல். மணலுக்குக் கீழே உப்பு. அதனால் தூர் வாரும்போது, அடிமண்ணைத் தொடாதே என்பதுதான் முதல் பேச்சு. ஓரிடத்தில் அது கிழிந்தாலும் நல்ல தண்ணீர் இறங்கிவிடும், உப்பு ஏறிவிடும். பிறகு ஊருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

அப்படி ஒரு முறை அலைந்திருக்கிறோம். ஊரணியை ஆழப்படுத்துகிறேன் என்று வந்த காண்ட்ராக்ட்காரர் ஒருவர் மிஷினை விட்டுத் தோண்டினார். ஊர்க்காரர்கள் கத்தக் கத்த, ஒரு மூலையில் களிமண்ணைத் தாண்டி மணல் வரைக்கும் போய்விட்டார். அந்த வருஷம் மழை பெய்தும் தண்ணீர் தைக்கு முன்பே கரித்தது. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு, வெயிலில் தார்ரோட்டில் நானும் அம்மாவும் பக்கத்து ஊருக்குப் போன போக்கு இன்னும் என் தோளில் இருக்கிறது. அடுத்த கோடையில் அய்யாவும் ஊர்க்காரர்களும் கண்மாயிலிருந்து களிமண் கொண்டுவந்து அந்த மூலையில் போட்டு, நனைத்து, நாள்கணக்கில் காலால் மிதித்து அடைத்தார்கள். முனியசாமிக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. அவனும் மிதித்தான். காலெல்லாம் வெடித்துப் போய் வந்து, இனிமேல் ஒழுகாது என்று பெரிய மனிதன் மாதிரி சொன்னான். ஒழுகவும் இல்லை.

இப்போது குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது, வராத நாளில் லாரி வருகிறது. இருந்தாலும் எங்கள் ஆட்களிடம் குழி என்று சொன்னால் முதலில் அடிமண்ணைத்தான் பார்ப்பார்கள்.

5

குழி வெட்ட வந்தவன் ஒரு சின்ன மிஷினோடு வந்து அரை நாளில் வேலையை முடித்துவிட்டான். மேலே இருந்த களிமண்ணை எல்லாம் வாரி ஓரத்தில் குவித்தான். கடைசியில் அடியில் மணல் தெரிந்தது. சரியான ஆழம் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விட்டான். அந்தக் குழியை லேசான கலவை மண்ணால் நிரப்பிச் செடி நடுவது எங்கள் வேலை. கூலி மிச்சம் என்று நாங்களே செய்வதாக ஒத்துக்கொண்டிருந்தோம்.

முனியசாமி குழிக்குள் இறங்கி மணலைக் கையில் அள்ளிப் பார்த்தான். முகம் வெளுத்துப் போயிற்று.

"அக்கா, வெட்டுனவன் அடிமண்ணத் தாண்டிட்டான்."

எனக்கும் பகீரென்றது. நிஜமாகத்தான் சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் இந்த நாட்டில் இருக்கிறேன், கடல் இங்கிருந்து எங்கேயோ இருக்கிறது, உப்பாவது ஒன்றாவது? ஆனால் களிமண்ணுக்கு அடியில் மணலைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று.

"இப்ப என்னடா செய்ய?"

"என்ன செய்ய? களிமண்ணுதான் இங்கனயே கெடக்கே. போட்டு மிதிப்போம்."

மிதித்தோம். குவித்துக் கிடந்த களிமண்ணை மறுபடி குழிக்குள் தள்ளினான். நான் தோட்டக் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தேன். அவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்து, தையல் மிஷினில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு நானும் இறங்கினேன். கால்விரல் இடுக்கில் சேறு பிதுங்கி எத்தனை வருஷம் ஆயிற்று! சந்தோஷமாக இருந்தது. போகிற வருகிற வெள்ளைக்காரர்கள் நாயைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். முனியசாமி அவர்களுக்குக் கும்பிடு போட்டான். தெருப்பக்கம், நிறைந்தால் வழிந்து போவதற்கென்று குழி வெட்டியவன் ஒரு வாய் விட்டிருந்தான். "இது எதுக்கு ஓட்ட? ரோட்டுக்குப் போயி வீணாப் போகவா?" என்று அதையும் களிமண்ணால் அடைத்து, கரையைத் தட்டி உயர்த்தினான்.

இரண்டு நாள் காய விட்டு, மேலே கலவை மண்ணைப் போட்டுச் செடிகளையும் நட்டோம். வீட்டுக்காரர் அப்போது டெக்சாஸ் பக்கம் போயிருந்தார். தர்ஷினிக்குப் பரீட்சை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்க ஆளில்லை. கேட்டிருந்தாலும் நாங்கள் காதில் வாங்கியிருக்கமாட்டோம்.

6

முதல் மழை சின்ன மழைதான். கூரைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து குழியில் விழுந்தது. விடிந்து பார்த்தால் செடிகளின் கழுத்து வரைக்கும் தண்ணீர் தளதளவென்று நின்றது. பேஸ்மென்ட்டில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. முனியசாமி ஒரு தேங்காயை உடைத்து, சூடம் கொளுத்திக் காட்டினான். படம் எடுத்து ஊருக்கு அனுப்பினான். கனடாவுல ஊரணி வெட்டிட்டான்டா முனியசாமி என்று ஊரிலிருந்து போனுக்கு மேல் போன். ஒரு நாள் முழுக்க அவன் குரல் வீட்டில் கணீரென்று கேட்டது. மூன்றாம் நாளும் தண்ணீர் அப்படியே நின்றது. "பாத்தியாக்கா, ஒரு விரக்கடை கொறையல" என்றான்.

நாலாம் நாள் மாநகராட்சியிலிருந்து சரிபார்க்க ஒரு பெண் வந்தாள். தர்ஷினியும் பக்கத்தில் நின்றாள். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: கவலையே வேண்டாம் மேடம், ஒரு சொட்டுக்கூட எங்கேயும் போகவில்லை.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். கடைசியாக என்றைக்கு மழை பெய்தது என்று கேட்டாள். சொன்னேன். ஒரு கம்பியைக் குத்திப் பார்த்தாள். பிறகு பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். இந்தத் தண்ணீர் ஒரே நாளில் மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அதற்காகத்தான் களிமண்ணை எடுத்துவிட்டு மணல் வரைக்கும் போகச் சொன்னது. இப்படி நின்றால் கொசு வரும், செடி அழுகும். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. நிறைந்திருக்கும் குழியில் ஒரு பெரிய மழை விழுந்தால், தெருப்பக்கம் கரை உயரமாக இருப்பதால், அத்தனை தண்ணீரும் வீட்டுப் பக்கம் திரும்பி நேராக அந்தச் சன்னலுக்குள் போகும். கையை நீட்டிக் காட்டினாள். என் கடைச் சன்னல்தான். அடியை உடைத்துச் சரிசெய்து வையுங்கள், செப்டம்பரில் மறுபடி வருகிறேன் என்றாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை இதுதான்.

முனியசாமி கரையில் நின்று எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னக்கா சொல்லுது?"

அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"நல்லா இருக்குன்னு சொல்றாங்கடா. செப்டம்பர்ல இன்னொரு தடவ வந்து பாப்பாங்களாம்."

அவன் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டான். அவளும் சிரித்துவிட்டுப் போனாள். தர்ஷினி மட்டும் என்னை வெறித்துப் பார்த்தாள். உள்ளே வந்ததும் கேட்டாள், "ஏன் மாமாட்ட பொய் சொன்னனீங்கள்?"

"உனக்குப் புரியாது. வாய மூடிட்டு இரு" என்றேன். அதற்கு அவள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். பொய் பொய்தான், அதில் பெரியவர்களுக்குத் தனிக் கணக்கு இல்லை என்கிற மாதிரி ஒன்று. இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நம் பக்கத்தில் மனசு நோகக் கூடாது என்று சொல்கிற பொய்க்கு யாரும் பொய் என்று பேர் வைப்பதில்லை. அதை அவளுக்கு எந்த மொழியில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

7

என் திட்டம் எளிமையானது. ஆகஸ்ட் கடைசியில் அவன் விமானம் ஏறுகிறான். ஏறிய மறுநாளே ஆளை வைத்து அடியை உடைத்துவிடலாம். அந்தப் பெண் வருவதற்குள் எல்லாம் சரியாகிவிடும். அவன் ஊரில் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்வான். இடையில் ஒரு பெரிய மழை மட்டும் வராமல் இருக்க வேண்டும்.

அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். எழுந்ததும் போனில் வானிலை. மிஷினில் உட்கார்ந்து ஒரு கை தைத்தால் மறு கையில் போன். சன்னலுக்கு வெளியே நிழல் தட்டினால் ஊசி கையில் ஏறும். ஆவணி முகூர்த்தத்துக்கு வந்த பட்டெல்லாம் கீழேதான் இருந்தது. இரவு அவற்றை ஒவ்வொன்றாக மேலே தூக்கிக்கொண்டு வருவேன், காலையில் கீழே கொண்டுபோவேன். என்னக்கா இது கூத்து என்றான் தம்பி. பூச்சி வருகிறது என்று இன்னொரு பொய் சொன்னேன். சாமி படத்தின் முன்னால் நின்று நானும் என்னென்னவோ கேட்டேன். வீட்டுக்காரரிடம் போனில் சொன்னதற்கு, "ஒரு குழிய ஒடைக்கிறதுக்கு இவ்வளவு யோசனையா? அவன்கிட்டச் சொல்லிட்டு ஒடைச்சு விடு வள்ளி" என்றார். சொல்வது சுலபம். மிதித்தது அவர் கால் இல்லை.

முனியசாமியும் அந்த நாட்களில் ஒரு மாதிரி ஆகிவிட்டான். ஊருக்குப் போகிற ஏக்கம் என்று நினைத்தேன். சாயங்காலம் கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்ப்பான். செடிகள் மஞ்சளடித்து ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. அதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு முறை மட்டும் வானத்தைப் பார்த்துவிட்டு, "இங்கன மழைக்கு மாசமே கெடையாதாக்கா? எப்ப வேணா வருமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

8

அவன் கிளம்ப இரண்டு நாள் இருந்தபோது வந்தது. மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். வெளிச்சம் பொசுக்கென்று போயிற்று. போனில் எச்சரிக்கை அலறியது. நான் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கீழே ஓடினேன். பட்டுகளை வாரி மேஜைமேல் போட்டேன். மிஷின் மோட்டாரைப் பிடுங்கி அலமாரி உச்சியில் வைத்தேன். தர்ஷினி ஓடிவந்து துணிகளைக் கைநிறைய அள்ளிக்கொண்டு மேலே போனாள். திரும்பத் திரும்ப வந்து அள்ளினாள். சன்னலைப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே, கீழ் விளிம்பில், பழுப்பாகத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு விரல், இரண்டு விரல்.

இனிமேல் தம்பியாவது மனசாவது என்று கார் நிறுத்துகிற கராஜுக்கு ஓடினேன். பனிக்கட்டி உடைக்க ஒரு கடப்பாரை வைத்திருப்போம். வைத்த இடத்தில் அது இல்லை. வாசலுக்கு வந்தால், கொட்டுகிற மழையில் முனியசாமி குழிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். கடப்பாரையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிக் குத்திக்கொண்டிருந்தான். அழுகின செடிகள் அவன் காலைச் சுற்றி மிதந்தன.

"அக்கா, ரோட்டுப் பக்கத்து வாயத் தொற" என்று கத்தினான்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவன் கட்டிய கரையை வெட்டினேன். களிமண் இறுகிப்போய் வெட்ட வெட்ட வழுக்கியது. அவ்வளவு நன்றாக மிதித்திருந்தோம். கடைசியில் கரை விண்டு தண்ணீர் தெருவுக்குப் பாய்ந்தது. அதே சமயம் அவன் நின்ற இடத்தில் தண்ணீர் சுழித்தது. அடி கிழிந்துவிட்டது. அவன் நகர்ந்து நகர்ந்து இன்னும் நாலு இடத்தில் குத்தினான். நாங்கள் பார்க்கப் பார்க்க மட்டம் இறங்கியது. மேலே மழை கொட்டக் கொட்ட, கீழே தண்ணீர் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தது. தர்ஷினி கதவைத் திறந்து, "அம்மா, உள்ளுக்க வரேல்ல, தண்ணி வரேல்ல" என்று கத்தினாள். கடை தப்பித்தது. நான் நனைந்த புல்லில் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

மழை கொஞ்சம் விட்டதும் கராஜில் வந்து உட்கார்ந்தோம். துண்டைக் கொடுத்தேன். அவன் துவட்டாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். உள்ளங்கை இரண்டும் கொப்புளம் கட்டியிருந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நான் யோசிப்பதற்குள் அவனே பேசினான்.

"பாப்பா அன்னைக்கே சொல்லிருச்சுக்கா."

நான் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அதத் திட்டாத. அம்மா உங்களுக்கு மனசு நோகும்னு சொல்லேல்ல மாமான்னு சொல்லுச்சு. நல்ல புள்ளக்கா அது."

"தெரிஞ்சும் ஏன்டா சும்மா இருந்த?"

"ஒடைக்கணும்னு ரெண்டு மூணு தடவ கடப்பாரைய எடுத்தேன். மனசு வரல. நெறஞ்சு நிக்கிற தண்ணியப் போயி எப்பிடிக்கா ஒடைச்சு விட? அதான் நான் போற வரைக்கும் மழை வேண்டாம்னு முனியையா சாமிய வேண்டிக்கிட்டேன். தெனமும் வேண்டுனேன்."

எங்கள் ஊரில் வீட்டுச் சுவர் இடிந்து விழுகிற மழையிலும், பெய்யட்டும், போதும்னு மட்டும் சொல்லிறாதீக என்பார்கள். மழை வேண்டாம் என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுத்து நான் கேட்டதில்லை.

அவன் தெருவில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"இங்கனக்கு மட்டுந்தான் வேண்டாம்னு சொன்னேன். அங்கனக்குச் சொல்லல. அது சாமிக்குத் தெரியும்லக்கா?"

"தெரியும்டா" என்றேன். நானும்தானே தினமும் மழை வேண்டாம் என்று கேட்டேன். எந்த ஊருக்கு என்று நான் சொல்லவே இல்லை.